முதல் செஷனில் என்ன பேசுவது? – கடிதம்

வணக்கம்.

எட்டு மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், நாலு பேருடன் சிரித்துப் பேசவும் செய்கிறேன். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. தெரபிக்குப் போகலாம் என்று அடுத்த வாரம் நேரம் வாங்கிவிட்டேன். இப்போது பயம். முன்பின் தெரியாதவரிடம் எங்கே ஆரம்பிப்பது? சொன்னது வெளியே போகாதா? என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் போவது சரியா என்றும் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புறப்படும் நேரத்தில் உங்களை வாசலிலேயே நிறுத்தப்போவது அதுதான். பல் வலிக்கிறவர், தன்னைவிட அதிகம் வலிக்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டா டாக்டரிடம் போகிறார்? எட்டு மாதம் தூங்காதது போதுமான காரணம்.

நானும் போயிருக்கிறேன். அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வேலைச் சுமை, தலைவலி, சின்ன விஷயத்துக்கெல்லாம் வருகிற கோபம். முக்கால் மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்தே பேசினேன். நேரம் முடிந்து எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்தபடி, போகிற போக்கில் சொன்னேன்: "அப்பா போறதுக்கு முன்னாடி ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணினார். நான் எடுக்கல." அந்தத் தெரபிஸ்ட் அம்மா என்னைத் திரும்ப உட்கார வைக்கவில்லை. "அடுத்த வாரம் இதிலிருந்து ஆரம்பிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். தாள் என் கையில் ஈரமாகிக் கசங்கியிருந்தது.

இப்படிக் கதவருகில் வந்து விழும் பேச்சு தெரபிஸ்டுகளுக்கு நன்றாகப் பழக்கமானது. அதனால் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள். பெரும்பாலும் முதல் நாள் அவர்கள்தான் அதிகம் கேட்பார்கள்: தூக்கம், பசி, குடிப்பழக்கம், சாப்பிடும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று. உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்றும் கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்பதுதான், உண்மையைச் சொல்லுங்கள். அந்த எண்ணம் இப்போதே தீவிரமாக இருந்தால் அடுத்த வாரம்வரை காத்திருக்காதீர்கள். நெருங்கிய ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சொன்னது வெளியே போகுமா? பொதுவாகப் போகாது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றால், நீதிமன்றம் கேட்டால் அவர் சொல்ல வேண்டி வரலாம். இதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். "எதையெல்லாம் நீங்கள் வெளியே சொல்வீர்கள்?" என்று முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். என்ன படித்திருக்கிறார், பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். பல இடங்களில் யார் வேண்டுமானாலும் 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. மருந்து தேவைப்பட்டால் அதை எழுதித் தருபவர் மனநல மருத்துவர். சிலருக்கு மருந்து, பேச்சு இரண்டுமே வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைந்தால்கூட இதேபோல மனம் மந்தமாகும்.

முறைகள் பல. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய சிந்தனை சார்ந்த சிகிச்சையிலிருந்து வளர்ந்த சிபிடி (CBT, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழகும் முறை) பெரும்பாலும் 12 முதல் 20 செஷன்களில் முடியும், வீட்டுப்பாடமும் உண்டு. தூக்கம் கெட்டவர்களுக்கு அதில் தனி வடிவமே இருக்கிறது. படுத்த நேரம், எழுந்த நேரம் எல்லாவற்றையும் தினமும் குறித்து வைக்கச் சொல்வார்கள்.

ஆனால் எந்த முறை என்பதைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் எழுதினார்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் தெரபிஸ்ட், வருகிறவர் இருவருக்கும் உடன்பாடு வேண்டும், இருவருக்கும் நடுவே ஒரு பிணைப்பும் வேண்டும். இந்த உறவு நன்றாக அமைந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த அம்மாவுக்கு முன்பு நான் வேறொருவரிடம் போனேன். நான் பேசி முடிக்கும் முன்பே அறிவுரை ஆரம்பித்துவிடும். எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவே இல்லை. மூன்றாவது வாரம் போகாமல் நின்றேன். 'தெரபி நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டி, முழுசாக ஒரு வருடத்தை வீணாக்கினேன். "நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது", "இது உதவுகிற மாதிரி தெரியவில்லை" என்பதையெல்லாம் அந்த அறையிலேயே சொல்லலாம். சொல்லியும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

சில நாள் போனதைவிடக் கனத்த மனதோடு திரும்புவீர்கள். அதனால் செஷன் முடிந்ததும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கொஞ்ச தூரம் நடந்தால் சரியாகும்.

அப்புறம், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். "சிரித்துப் பேசவும் செய்கிறேன், ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வாய் வராவிட்டால் ஃபோனில் இந்தக் கடிதத்தைத் திறந்து அவரிடம் நீட்டிவிடுங்கள். போய் வந்த பிறகு முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.