விக்டோரியா கால நாவல்கள்: காசைக் கவனித்துப் படியுங்கள்

கேள்வி (கல்லூரி மாணவி): எல்லாமே தலையணை கனத்தில் இருக்கிறதே அக்கா, எதில் தொடங்குவது?

பதில்: சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்', 1847. காதல் கதை என்பார்கள். நீ சம்பளத்தைக் கவனித்துக்கொண்டே படி. தருமப் பள்ளியில் வருடத்துக்கு 15 பவுண்டு வாங்கிய ஜேன், பணக்கார வீட்டில் தங்கிக் குழந்தைக்குப் பாடம் சொல்ல 30 பவுண்டு என்றதும் கிளம்பிவிடுகிறாள். கவர்னஸ் என்பது இரண்டுங்கெட்டான் பிழைப்பு. வேலைக்காரர்களோடும் ஒட்ட முடியாது, எஜமானர்களோடும் ஒட்ட முடியாது. விருந்து நாளில் ஜன்னல் திரையோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் விழும்படியே சீமாட்டிகள் கவர்னஸ்களைக் கிண்டலடிக்கிறார்கள்.

கேள்வி: வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்ததால்தான் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நீட்டி முழக்கினாராமே?

பதில்: வதந்தி சார். அவருக்குப் பணம் தவணைக்குத்தான், வார்த்தைக்கு அல்ல. 1836-ல் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதம் ஒரு பகுதியாக, ஒரு ஷில்லிங்குக்கு (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) வந்தது. நம் தொடர்கதை மாதிரிதான். மற்றவர்கள் நீட்டியதற்கு வாடகை நூலகமும் ஒரு காரணம். மூன்று பாக நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். யார் வாங்குவார்கள்? மூடி என்பவரின் நூலகத்தில் வருடச் சந்தா 21 ஷில்லிங், ஒரு தடவைக்கு ஒரு பாகம். ஒரே நாவலை ஒரே நேரத்தில் மூன்று பேருக்குச் சுற்றுக்கு விடலாம், பாருங்கள்.

கேள்வி: டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில், ஏழைகளை வேலை வாங்கி வைத்திருந்த விடுதியில் (ஒர்க்ஹவுஸ்) அநாதைப் பையன் ஆலிவர் இன்னும் கஞ்சி கேட்கும் காட்சி மிகைதானே?

பதில்: டிக்கன்ஸ் கொஞ்சம் உப்புக்காரம் கூட்டுகிறவர்தான். மூன்று வேளையும் நீர்க்கஞ்சி, வாரம் இரண்டு தடவை ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி என்று பட்டியல் போடுவார். கிண்ணங்களைக் கழுவ வேண்டிய வேலையே இல்லையாம். பையன்கள் கரண்டியால் சுரண்டியே பளபளக்க வைத்துவிடுவார்கள். ஆனால் அடிப்படை நிஜம். 1834-ம் வருட ஏழைகள் சட்டத்தின் கணக்கே, வெளியில் இருக்கும் ஆகக் கடைசிக் கூலிக்காரனைவிட விடுதிக்குள் இருப்பவன் மோசமாக இருக்கவேண்டும் என்பதுதான். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாரையும் பிரித்து வைத்தார்கள். இன்னும் கஞ்சி கேட்ட ஆலிவரை, யாராவது கூட்டிப்போனால் 5 பவுண்டு தருகிறோம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கிண்ணத்தைவிட இந்த நோட்டீஸ்தான் உறுத்தும்.

கேள்வி: ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' போதுமா?

பதில்: போதாது. எலிசபெத் காஸ்கெல்லின் 'நார்த் அண்ட் சவுத்' படியுங்கள். இரண்டுமே 1854-ல் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில்தான் தொடராகத் தொடங்கின. காஸ்கெல் ஆலை நகரமான மான்செஸ்டரிலேயே குடியிருந்தவர், அது எழுத்தில் தெரியும். பெஸ்ஸி என்ற பெண் பஞ்சுத்தூசி நுரையீரலில் படிந்து சாகிறாள். தூசியை இழுக்கும் சக்கரம் வைக்க ஐந்நூறு, அறுநூறு பவுண்டு ஆகும், லாபம் இல்லை என்று பல முதலாளிகள் வைப்பதில்லை. அதோடு விடவில்லை காஸ்கெல். சக்கரம் வந்தால் தொழிலாளிகளிலும் சிலருக்குப் பிடிக்காதாம்: தூசி தின்று பழகிய வயிறு, அது இல்லாவிட்டால் பசிக்கிறது, கூலியைக் கூட்டு என்கிறார்கள்!

கேள்வி: பெண்களுக்குச் சொத்துரிமை?

பதில்: 1870, 1882 சட்டங்களுக்கு முன், தனி ஏற்பாடு எழுதி வைக்காவிட்டால், மனைவி கையிலிருந்த பணம் கணவனுடையது. 'ஜேன் ஐர்' நாயகி ஜேனுக்குச் சித்தப்பா சொத்தாக 20,000 பவுண்டு வந்து, அதை நான்காகப் பங்கிட்டு 5,000 வைத்துக்கொள்கிறாள். அப்புறம் கல்யாணம். இதை நினைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தைப் படித்தால் தித்திப்பு கொஞ்சம் குறையும்.

கேள்வி: சென்சார் இருந்ததா?

பதில்: பத்திரிகை ஆசிரியரே சென்சார். 1891-ல் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' தொடராக வந்தபோது, வெள்ளம் நிற்கும் பாதையில் நாயகன் பால்பண்ணைப் பெண்களைக் கையில் தூக்கிக் கடத்திவிடும் இடம் வந்தது. தூக்கக் கூடாது என்றார்கள். ஹார்டி ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவர்களை அதில் ஏற்றி அனுப்பினார். புத்தகமாக வந்தபோது வண்டியை எடுத்துவிட்டார்.