முதல் கார் எடுக்கப் போற தம்பிக்கு

தம்பி, உமக்கு 23 வயது, ரொறன்ரோ வந்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்லை, கையில 12,000 டொலர் இருக்கு. நம்பி ஓடக்கூடியதாயும் ஓட்டுறதுக்கு ஆசையாயும் ஒரு கார் வேணும் எண்டு கேட்டிருக்கிறீர். பத்து வருசம் ஓடின பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஒண்டில கண் விழுந்திட்டுது போல. அதோட, மின்சாரக் கார் எப்பிடி, வெள்ளை நிறம் எண்டால் விக்கேக்க விலை கூடப் போகுமோ எண்டும் கேட்டிருக்கிறீர். நிறத்தை விடும். நிலவறையில வாடகைக்கு இருக்கிற ஆள் மின்சாரக் காரை எங்க கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணுவீர்? அது பேந்து பார்க்கலாம்.

காரைப் பார்க்க முதல் அதின்ர காப்புறுதி விலையைக் கேளும். 25 வயதுக்குக் கீழ, ஜி2 லைசென்ஸ் (முழு லைசென்சுக்கு ஒரு படி கீழ), ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கம் ஸ்காபரோத் தபால் குறியீடு. இந்த மூண்டும் சேர்ந்தால் கொஞ்ச வருசத்தில கார் விலையை விடக் காப்புறுதிக்குக் கட்டினது கூடிப் போகலாம். விளம்பரத்தில இருக்கிற வின் இலக்கத்தை, அதாவது காரின்ர அடையாள இலக்கத்தைக் குடுத்து, இரண்டு மூண்டு பேரிட்ட விலை எடும். ஒரே பெடியனுக்குக் கொரோலாவுக்கு ஒரு விலையும் 3 சீரிசுக்கு இன்னொரு விலையும் வரும். கள்ளர் விரும்பிற ஹொண்டா சி.ஆர்.வி மாதிரிக் காருக்கு அதுக்குள்ளயும் ஒரு ஏத்தம். ஊரில ஓட்டின அனுபவத்துக்கு அங்கத்தைய மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக் கடிதம் எடுக்க முடிஞ்சால் எடும். அடுத்த சோதனைக்கு நிக்கிற காலம் குறையும்.

விலையைக் கேட்டு நீர் தலையில கை வைக்கிற நேரம் பார்த்து எங்கட ஆக்கள் புத்தி சொல்ல வருவினம். "ரொறன்ரோவுக்கு வெளியில, பீற்றர்பரோவில என்ர சிநேகிதன்ர விலாசத்தைப் போடு, காப்புறுதி பாதிக் காசு" எண்டுவினம். "மாமான்ர பேரில கார், நீ இடைக்கிட ஓடுறாய் எண்டு போடு" எண்டுவினம். செய்யாதையும். ஒண்டும் நடக்காத வரைக்கும் எல்லாரும் கெட்டிக்காரர்தான். இடிபட்டால் காப்புறுதிக் கொம்பனி விசாரிக்கும். நீர் ஒவ்வொரு நாளும் ஸ்காபரோவில இருந்து வேலைக்குப் போறது தெரிஞ்சால் கழுத்தை அறுத்து விட்டிடும். காப்புறுதி ரத்தான கதை பிறகு எங்க போய்க் கேட்டாலும் உமக்கு முன்னால போய் நிக்கும். இதுக்குள்ள வட்ஸ்அப்பில மலிவாக் காப்புறுதி அட்டை அனுப்பிற ஆக்கள் வேற. அட்டை போலி. காப்புறுதி இல்லாமல் ஓடினால் முதல் தரமே 5,000 டொலரில இருந்து 25,000 வரைக்கும் தண்டம். தரகர் எண்டு சொல்லுறவர் ரிபோவில (ஒன்ராறியோக் காப்புறுதித் தரகர்களைப் பதியிற அமைப்பு) பதிஞ்சவரோ எண்டு இணையத்தில பார்க்க ஒரு நிமிசம் காணும்.

சரி, இனிக் கார். நான் வந்தது 1991 பங்குனி. இரவு வேலைக்குப் பஸ் இல்லை. அறையில இருந்த நாலு பேரும் காசு போட்டு, எங்கட ஆள் ஒருத்தரிட்ட ஒரு பழைய கார் எடுத்தம். நாலு பேருக்கும் நாலு ஷிப்ற், ஒரு திறப்பு. பின்சீற்றுக்குக் கீழ விரிப்பைத் தூக்கினால் றோட்டுத் தெரியும். வித்தவர் அந்த ஓட்டையில பிஸ்கற் ரின் தகரத்தை வைச்சு, மேல கறுப்பு மை பூசியிருந்தார். சேறு தெறிச்சு, பின்னால இருக்கிறவனுக்குக் கால்மேசு ஈரம். அதனால ஆர் முன்னுக்கு இருக்கிறது எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை. அதுவும் ஒரு காலம். அந்த நாலு பேரில ஒருத்தன் இண்டைக்கு லொறிக் கொம்பனி வைச்சிருக்கிறான், இன்னும் பின்சீற்றில ஏற மாட்டன் எண்டு பகிடி விடுவான்.

அந்தக் காரில படிச்சதுதான் உமக்குச் சொல்ல வாறது. இந்த நாட்டில எஞ்சின் நிண்டுபோறதுக்கு முன்னமே காரைக் கறள் தின்னும். பனிக்குக் கொட்டுற உப்புத் தண்ணி அடியில ஒட்டிக் கிடக்கும். கடுங்குளிரில அது பெரிசா ஒண்டும் செய்யாது. பங்குனியில வெயில் எட்டிப் பார்க்க, உருகி உருகித் திங்கத் தொடங்கும். சூடான கராஜுக்குள்ள வைச்ச கார் எண்டு பெருமையாச் சொல்லி விப்பினம். உப்போட உள்ள விட்ட கார் வெளியில நிண்டதை விடக் கெதியாக் கறள் பிடிக்கும்.

அதால மினுக்கைப் பார்க்காமல் அடியைப் பாரும். உம்மட மெக்கானிக்கிட்டக் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லும். விக்கிறவர் காட்டுற மெக்கானிக்கிட்டப் போகாதையும். கதவுக்குக் கீழ ஓடுற விளிம்பு, பின் சில்லு வளைவு, சில்லுகளைத் தாங்கிற சட்டம், பிரேக் எண்ணெய் ஓடுற மெல்லிய இரும்புக் குழாய்: இவ்வளவும் முக்கியம். குழாய் ஓட்டையானால் பிரேக்கை மிதிக்கேக்க கால் நிலம் வரைக்கும் போகும். மேற்தகடு கறள் பிடிச்சால் பார்க்க வடிவில்லை, அவ்வளவுதான். சட்டம் இத்துப்போனால் காரே முடிஞ்சுது. அடியெல்லாம் புதுசாக் கறுப்புப் பூச்சு அடிச்சிருந்தால் சந்தேகப்படும், எங்கட பிஸ்கற் ரின் மாதிரி. வாங்கின பிறகு வருசா வருசம் இலையுதிர் காலத்தில அடியில கறள் தடுக்கிற எண்ணெய் அடிப்பியும். இருநூறு டொலருக்குள்ள முடியும்.

"சேஃப்ரி எடுத்துத் தாறன்" எண்டால், அதாவது பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ் தாறன் எண்டால், மயங்காதையும். அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும். பார்த்த நாளில ஆகக் குறைஞ்ச அளவுகோலுக்கு மேல இருந்தது எண்டுதான் அது சொல்லும், கியர்பெட்டி நாளைக்கு நிக்குமோ எண்டு சொல்லாது. தனியாரிட்ட வாங்கினால் யு.வி.ஐ.பி எண்ட, பழைய காரின்ர விபரம் அடங்கின அரசாங்கப் பொதியை விக்கிறவர்தான் தரவேணும், 20 டொலர்தான். காரில ஆருக்கும் கடன் நிக்குதோ எண்டு அதில இருக்கும். அதில இருக்கிற பேரும் அவர்ர லைசென்சில இருக்கிற பேரும் ஒண்டோ எண்டு பாரும். "இது மச்சான்ர கார்" எண்டு கார் தரிப்பிடத்தில வைச்சு விக்கிறவரிட்ட அனேகமா இப்பிடி ஐஞ்சாறு மச்சான்மார் இருப்பினம். "விலையைக் குறைச்சு எழுதித் தாறன், வரி மிச்சம்" எண்டாலும் கேளாதையும். நீர் குடுத்த விலை, மொத்த வியாபாரத்தில அந்தக் காருக்குப் போற பெறுமதி, இரண்டில எது கூடவோ அதுக்குத்தான் 13 வீத வரி அறவிடுவினம். டீலரிட்ட வாங்கினால் ஒம்விக்கில (ஒன்ராறியோக் கார் டீலர்மாரைப் பதியிற அமைப்பு) பதிஞ்ச இடமோ எண்டு பாரும். கையெழுத்து வைச்ச பிறகு மனம் மாறினேன் எண்டு திருப்பிக் குடுக்க இஞ்ச சட்டத்தில இடமில்லை.

எந்தக் கார் எண்டு இவ்வளவு நேரமும் சொல்லேல்லை எண்டு யோசிப்பீர். கொரோலா, சிவிக், மஸ்டா3 மூண்டுக்குள்ள அடி நல்லா இருக்கிறதை எடும். பேரை மட்டும் நம்பாதையும்: 2006 தொடக்கம் 2008 வரைக்கும் வந்த சிவிக்கில எஞ்சின் பிளொக் வெடிச்சு ஹொண்டா உத்தரவாதத்தை நீட்டினது, 2007க்கும் 2009க்கும் இடையில வந்த நாலு சிலிண்டர் ரொயோட்டா கம்ரிகள் எஞ்சின் எண்ணெய் குடிச்சது. நிஸான்ர சி.வி.ரி கியர்பெட்டிக்கு (படிப்படியா கியர் மாறாத, பட்டியில ஓடுற ஓட்டோமற்றிக்) கிட்டப் போகாதையும். உம்மட 3 சீரிஸ் நல்ல கார்தான், ஓட்டினால் விட மனம் வராது. ஆனால் உயர்ரகப் பெற்றோல் கேக்கும், குளிர்நீர்ப் பம்ப் போனால் ஒரு மாத வாடகை போகும். வேலை நிரந்தரமானாப் பிறகு எடும்.

ஆசையா ஓட்டுறதுக்கு உமக்கு என்ர தெரிவு 2014 தொடக்கம் 2018 வரை வந்த மஸ்டா3. சாதாரண ஆறு கியர் ஓட்டோமற்றிக், சி.வி.ரி இல்லை. பாரம் குறைவு, ஸ்ரியரிங் கை சொன்னதைக் கேக்கும். கையால கியர் போடுறது கிடைச்சால் இன்னும் நல்லம். இஞ்ச பிறந்த பெடியளுக்குக் கிளட்ச் தெரியாது, கேக்க ஆளில்லாமல் விலை இறங்கும். கள்ளனும் ஓட்டத் தெரியாமல் விட்டிட்டுப் போவான். மிஞ்சிற காசில குளிர்கால ரயர் நாலு வாங்கும். 7 பாகைக்குக் கீழ மற்ற ரயர் இறுகிப் போகும், காப்புறுதியிலயும் ஒரு கழிவு தருவினம்.

கடனுக்குப் புதுக் கார் எடுக்கிற யோசனை வந்தால், ஏதாவது கலியாண மண்டப வாசலில போய் நிண்டு பாரும். வரிசையா நிக்கிற பென்ஸ்களில பாதி 84 மாதத் தவணை. காரின்ர பெறுமதி கடனுக்குக் கீழ போய்க் கன நாள், ஆனால் வாசலில இறங்கேக்க நாலு பேர் பார்க்க வேணும். அந்த நாலு பேரும் தங்கட தவணையைத்தான் யோசிச்சுக் கொண்டு நிக்கினம். எனக்கு ஏன் அந்தக் கதை.

பார்க்கப் போறதெண்டால் விடிய, எஞ்சின் குளிரா இருக்கேக்க போம். நீர் வர முதலே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருந்தால் ஏன் எண்டு கேட்டு, இன்னொரு நாளைக்கு வாறன் எண்டு திரும்பும்.