91 என்பது எத்தனை பேரில்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடுகிற மாணவர்களில் 100க்கு 91 பேர் பட்டம் வாங்கிவிடுகிறார்களாம். விளையாடாத மாணவர்களில் 70 பேர்கூடத் தேறுவதில்லையாம். இங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேருகிற பையன்கள் வகுப்புப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறேன்: விளையாட்டும் படிப்பும் சேர்ந்தே வரும் என்று அவர்கள் நிரூபித்துவிட்டார்கள் அல்லவா? பேத்தியை டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் அங்கே அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்த 91 பொய் இல்லை ஐயா. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் தன் முதல் பிரிவுக் கல்லூரிகளுக்காக வெளியிடும் எண் அது; 2023-லும் 91, 2024-லும் 91. விளையாடாதவர்களுக்கு நீங்கள் சொல்லும் எண்ணும் பொய் இல்லை. அது அந்நாட்டு அரசின் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. ஒன்றைப் படியால் அளந்து, மற்றதைத் தராசில் நிறுத்து, எது கூடுதல் என்று கேட்கிறீர்கள்.

அரசுக் கணக்கு எளிது. முதல் ஆண்டில் முழுநேர மாணவராகச் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் அதே கல்லூரியில் 6 வருடத்துக்குள் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர், அவ்வளவுதான். நடுவில் வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பிரமாதமாகத் தேறினாலும், விட்டுப்போன கல்லூரிக்கு அவர் தேறாதவர் கணக்குதான். இது கறாரான அளவு. சில சமயம் அநியாயமான அளவும்கூட. பயிற்சியாளர்கள் புலம்பியதில் நியாயம் இருக்கிறது. அதனால் என்.சி.ஏ.ஏ. தனக்கென்று ஒரு கணக்கை உருவாக்கி 2005 முதல் வெளியிட ஆரம்பித்தது. அதன்படி, வெளியிலிருந்து மாறி வந்தவரைச் சேர்த்துக்கொள்ளலாம். விட்டுப் போனவர், போகிற நேரத்தில் தொடர்ந்து ஆடுவதற்கான மதிப்பெண் தகுதியோடு இருந்தால் அவரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

ஒரு குழுவில் புதிதாக 20 பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 12 பேர் பட்டம் வாங்குகிறார்கள். 6 பேர் தகுதியோடு இருக்கும்போதே விலகுகிறார்கள். 2 பேர் மதிப்பெண் இல்லாமல் வெளியேறுகிறார்கள். அரசு 20க்கு 12 என்று பார்த்து 60 சதவீதம் என்னும். சங்கம் அந்த 6 பேரை அழித்துவிட்டு 14க்கு 12 என்று பார்க்கும், 86 ஆகிவிடும். வெளியிலிருந்து 3 பேர் வந்து பட்டமும் வாங்கிவிட்டால் 17க்கு 15, அதாவது 88. ஆள் அதே ஆள், பட்டம் அதே பட்டம். அழிக்கப்பட்ட அந்த 6 பேர் வேறு கல்லூரியில் சேர்ந்தார்களா, படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களா என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. வருகைப் பதிவேடு எடுத்தவரான உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வராத பையனின் பெயரை அடித்துவிட்டால் வருகை சதவீதம் தானாக ஏறும்.

சரி, அரசின் அளவிலேயே விளையாட்டு மாணவர்களையும் நிறுத்தினால்? அவர்களும் 70-ஐ ஒட்டித்தான் நிற்கிறார்கள். விளையாடாதவர்களோடு ஒப்பிட்டால் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம். அங்கே ஒரு சாதாரண மாணவர் படிப்பை நிறுத்துவதற்குப் பெரிய காரணம் பணம். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்த ஆட்டக்காரருக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்கிறது. தனியாக ட்யூஷன் சொல்லித்தர ஆள் வைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு தரப்பும் சமம் என்றால், அதைச் சாதனை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த ஒற்றை எண்ணுக்குள் நீச்சல், கோல்ஃப், படகோட்டம், பெண்கள் டென்னிஸ் எல்லாம் கலந்திருக்கின்றன. அரங்கை நிரப்பிப் பணம் கொண்டுவருவது இரண்டே ஆட்டங்கள்: ஆண்கள் கூடைப்பந்தும், கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் அவர்களுடைய ஃபுட்பாலும். ஷான் ஹார்ப்பர் என்ற கல்வி ஆய்வாளர் பெரிய விளையாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த 65 பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு 2018-இல் ஓர் அறிக்கை தந்தார். அந்த வளாகங்களின் இளநிலை மாணவர்களில் கறுப்பின ஆண்கள் 2.4 சதவீதம். ஃபுட்பால் குழுக்களில் அவர்கள் 55 சதவீதம், கூடைப்பந்தில் 56. அரசுக் கணக்குப்படி அந்த வளாகங்களில் எல்லா மாணவர்களிலும் பட்டம் வாங்கியவர்கள் 76.3 சதவீதம், கறுப்பின ஆண் ஆட்டக்காரர்களில் 55.2 சதவீதம். விளையாடாத கறுப்பின ஆண்களையும் சேர்த்துப் பார்த்தால்கூட 60.1 வருகிறது. அரங்கைத் தோளில் சுமக்கிறவர்களின் நிலை இது.

இப்படிக் கணக்கெடுக்கும் வழக்கமே ஓர் அவமானத்தில்தான் பிறந்தது. 1978-இல் கெவின் ராஸ் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரரை நெப்ராஸ்காவின் கிரைட்டன் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு என்றெல்லாம் பாடங்கள் கொடுத்தார்கள். நான்கு வருடம் ஆடிவிட்டு 1982-இல் பட்டமில்லாமல் வெளியே வந்தபோது அவருடைய மொழித்திறன் நாலாம் வகுப்பு, வாசிப்பு ஏழாம் வகுப்பு என்று நீதிமன்றப் பதிவு சொல்கிறது. அப்புறம் சிகாகோவில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். ஃபுட்பால் நட்சத்திரம் டெக்ஸ்டர் மேன்லி ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இருந்தவர். கல்லூரிக் காலம் முழுக்கத் தனக்கு வாசிக்கத் தெரியாது என்று 1989-இல் செனட் குழு முன்னால் அழுதுகொண்டே சொன்னார். மறு வருடமே சட்டம் வந்தது: கல்லூரிகள் தங்கள் பட்டமளிப்பு விகிதத்தை வெளியே சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னின்ற செனட்டர் பில் பிராட்லியும் காங்கிரஸ் உறுப்பினர் டாம் மக்மில்லனும் கல்லூரிக் கூடைப்பந்தில் பேர் வாங்கியவர்கள். இரண்டு பேருமே ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள். விளையாட்டும் படிப்பும் சேர்ந்து வரும் என்பதற்கு உங்களுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் இவர்களைக் காட்டலாம். 91-ஐக் காட்டாதீர்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அது விதண்டாவாதம். சங்கத்தின் சொந்தக் கணக்கில், அதை வெளியிடத் தொடங்குவதற்கு முந்தைய 2002-இல் 74 ஆக இருந்தது 2024-இல் 91. இரண்டாம் வருட முடிவில் பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 80 என்று பாடம் முடித்திருந்தால்தான் தொடர்ந்து ஆடலாம் என்று விதி போட்டார்கள். குழுவாகப் பின்தங்கினால் தண்டனையும் உண்டு. 2011-இல் தேசியக் கோப்பை வென்ற கனெக்டிகட் ஆண்கள் கூடைப்பந்துக் குழுவையே 2013 போட்டிக்குள் விடவில்லை. அதிகாரம் இருக்கும் இடத்தில் கை ஓங்கத்தான் செய்தார்கள். ஆனால் எண்ணுக்குத் தண்டனை வந்தால், எண்ணைத் தயாரிக்கவும் ஆள் வந்துவிடுவார்கள் அல்லவா?

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் வந்தார்கள். நாட்டின் மிகப் பழைய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று, மைக்கேல் ஜோர்டான் ஆடிய இடம். அங்கே ஆப்பிரிக்க ஆய்வுத் துறையில் 1993 முதல் 2011 வரை ஒரு விசித்திர வகுப்பு நடந்தது. நடந்தது என்பதே தப்பு, வகுப்பே கிடையாது. ஆசிரியர் வரமாட்டார். கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதற்கு ஏ அல்லது பி மதிப்பெண் போட்டவர் பேராசிரியர்கூட இல்லை, துறை அலுவலகத்தில் நிர்வாக வேலை பார்த்தவர். 2014 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கைப்படி 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் பாடம் 'படித்தார்கள்'. வளாகத்தில் விளையாட்டு மாணவர்கள் 4 சதவீதம்தான். அந்த வகுப்பு இடங்களில் கிட்டத்தட்ட பாதி அவர்களுடையது. இது நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், படிப்பு ஆலோசகர்கள் ஃபுட்பால் பயிற்சியாளர்களுக்கு ஸ்லைடு போட்டு விளக்கியிருக்கிறார்கள். இந்த வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், தூங்காமல் இருக்கவும் வேண்டாம், இனி இதெல்லாம் இல்லை என்று!

இதற்கு என்.சி.ஏ.ஏ. என்ன தண்டனை கொடுத்தது? ஒன்றும் இல்லை. அந்த வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆட்டக்காரர்களுக்கு மட்டுமான சலுகை இல்லை, ஆகவே எங்கள் விதி மீறப்பட்டது என்று முடிவுக்கு வர இயலவில்லை என்று 2017-இல் கையை விரித்தது. எல்லோருக்கும் சேர்த்து ஏமாற்றினால் குற்றமில்லை போலிருக்கிறது.

மோசடி நடந்த இடத்தைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதைவிட உறுத்துவது மோசடியே இல்லாத ஒரு கல்லூரி. சிகாகோ பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். 2013-இல் சங்கத்தின் கணக்குப்படி அதன் ஃபுட்பால் குழுவின் எண் 97. நாட்டிலேயே முதல் வரிசை. மறு வருடத் தொடக்கத்தில், அந்தக் குழுவின் ஆட்டக்காரர்கள்தான் நாங்கள் தொழிலாளர்கள், எங்களுக்குத் தொழிற்சங்கம் வேண்டும் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் கதவைத் தட்டினார்கள். விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி. விசாரணையில் வெளிவந்தது என்னவென்றால், போட்டிக் காலத்தில் பயணம், கூட்டம், வீடியோ பார்ப்பது எல்லாம் சேர்த்து 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்கே போகிறது. முன்னின்ற கெய்ன் கோல்ட்டர் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு வந்தவர். அதற்கு வேண்டிய வேதியியல் வகுப்பு பயிற்சி நேரத்தோடு மோதியது. வகுப்பு தள்ளிப் போனது. கடைசியில் உளவியலுக்கு மாறினார். வாரியத்தின் வட்டார இயக்குநர் 2014 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2015-இல் தலைமை வாரியம் இதில் தலையிடமாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. நான் சொல்ல வந்தது வழக்கைப் பற்றி இல்லை. இப்படிப் பாடம் மாறியவர் பட்டம் வாங்கினால் எந்தக் கணக்கிலும் அவர் வெற்றிதான். படிக்க நினைத்ததைப் படிக்க முடிந்ததா என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது.

இப்போது எண்ணோடு பணமும் சேர்ந்துவிட்டது. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பங்கை 2019-20 முதல் படிப்புத் தேர்ச்சியைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பங்குக்கு ஒரு வழி, சங்கத்தின் கணக்கில் 90-ஐத் தொடுவது. இன்னொரு பக்கம், 2024 முதல் மதிப்பெண் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம்; 2025-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை பங்கிட்டுத் தரலாம். மூன்று வருடத்தில் மூன்று கல்லூரி என்று பையன்கள் சுற்றுகிறார்கள். பாடங்கள் பாதிக்கு மேல் புது இடத்தில் செல்லாமல் போனாலும், மதிப்பெண் தகுதியோடு விலகியவர் என்பதால் பழைய கல்லூரியின் கணக்கிலிருந்து அவர் பெயர் சுத்தமாக அழிந்துவிடும். ஆறு வருடக் கணக்கு, அது முடிந்த மறு வருடம்தான் வெளியீடு என்பதால் 2021-இல் சேர்ந்தவர்களின் விவரம் 2028-இல்தான் வரும். அப்போதும் 90-க்குக் கீழே இறங்காது என்றுதான் நினைக்கிறேன்.

பேத்தி விஷயம். தாராளமாக அனுப்பலாம். பெண்கள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் எந்த அளவில் நிறுத்தாலும் நன்றாகத்தான் தேறுகிறார்கள். என் கோபம் எல்லாம் பணம் புரளும் இரண்டு ஆட்டங்களின் மேல்தான். ஆட்டக்காரர்களுக்கு இப்போது பணம் வருகிறதாமே என்று கணக்குப் போடாதீர்கள், மாணவர் விசாவில் போகிறவருக்கு அது சுலபமில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பயிற்சியாளரிடம் மின்னஞ்சலில் மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் கல்லூரியில் விளையாட்டு மாணவர்களுக்கு அரசுக் கணக்கின்படி விகிதம் என்ன? கடந்த நான்கு வருடத்தில் உங்கள் குழுவில் இருந்தவர்கள் என்னென்ன பாடத்தில் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேர் நடுவில் போனார்கள்? மதியம் ஆய்வுக்கூட வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால் எதை விடச் சொல்வீர்கள்? மூன்றாவதுக்கு மட்டும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.