ஊருக்குள் பாடும் சாட்டிலைட் ரேடியோ ஹைவேயில் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: ஜெர்சி சிட்டியில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார், 2016 மாடல். அதில் சிரியஸ் எக்ஸ்எம் ரேடியோ வீட்டுப் பக்கமும் மன்ஹாட்டனிலும் சுத்தமாகக் கேட்கிறது. இன்டர்ஸ்டேட் 80 பிடித்து பென்சில்வேனியாவின் போகோனோஸ் மலைப் பக்கம் கிளம்பினால் கொஞ்ச தூரத்திலேயே விட்டுவிட்டு வர ஆரம்பித்து, அப்புறம் 'நோ சிக்னல்'தான். மழை பெய்தால் இன்னும் மோசம். டீலர் ரேடியோவையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் சந்தேகம் ரேடியோ மேல் விழவில்லை, கூரையில் இருக்கும் ஆன்டெனா மேல்தான் விழுகிறது.

சாட்டிலைட் ரேடியோ என்று பெயர் இருந்தாலும், பெரிய நகரங்களில் உங்கள் காருக்குப் பாட்டு வருவது சாட்டிலைட்டிலிருந்து மட்டுமல்ல. உயரமான கட்டடங்கள் வானத்தை மறைக்கும் என்பதால், அதே நிகழ்ச்சிகளைத் தரையிலிருந்து மறு ஒலிபரப்பு செய்யும் ரிப்பீட்டர்களை அங்கங்கே வைத்திருக்கிறார்கள். அந்த சிக்னல் பலமானது; அரைகுறையாக வேலை செய்கிற ஆன்டெனாகூட அதைப் பிடித்துவிடும். நகரத்தைத் தாண்டியதும் வானத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் மட்டும்தான் மிச்சம். அங்கேதான் ஆன்டெனாவின் சாயம் வெளுக்கிறது. ரேடியோ பெட்டியே கெட்டிருந்தால் பெரும்பாலும் மன்ஹாட்டனிலும் தகராறு செய்திருக்கும்.

வழியில் பாலங்களுக்கு அடியில் போகும்போது கவனியுங்கள். எக்ஸ்எம் முறையில் (சிரியஸ் எக்ஸ்எம்மின் இரண்டு ஒலிபரப்பு முறைகளில் ஒன்று) ஒரே நிகழ்ச்சி இரண்டு சாட்டிலைட்களிலிருந்து சில நொடி இடைவெளியில் வருகிறது. ஒன்று மறைந்தாலும் மற்றதை வைத்து ரேடியோ ஒப்பேற்றிவிடும், அதனால் சின்னப் பாலம் தெரியவே கூடாது. ஒவ்வொரு பாலத்திலும் பாட்டு அறுந்தால், இரண்டில் ஒன்று உங்களுக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த சாட்டிலைட்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பவை. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கும். தென்மேற்கில் இருப்பது தொடுவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்தில்தான். அந்தப் பக்கம் பார்த்துக் கூரைப்பெட்டியோ சைக்கிள் ஸ்டாண்டோ மாட்டியிருந்தால் முதலில் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மழையில் மோசமாகிறது என்றீர்கள். இந்த 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மழை நேரடியாகச் செய்யும் கெடுதல் மிகக் குறைவு. நனைந்த மரக்கிளைகள் கொஞ்சம் தடுக்கும், திறந்த சாலையில் அதுவும் இல்லை. ஆகவே தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்பதுதான் என் கணிப்பு. கூரையின் பின்பக்கம் ஆன்டெனா சுறாத் துடுப்பு மாதிரி நிற்கிறதே, அதன் அடியில் ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். வெயிலும் பனியும் பட்டு அது சில வருடங்களில் இறுகி வெடித்துவிடும். உள்ளே இருக்கும், சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பலகையிலும் பிளக்கிலும் ஈரம் ஏறிப் பச்சை பூக்கும். பின் பக்கம் கூரைத் துணியில் கறையோ ஈர வாடையோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் பாதி வழக்கு முடிந்தது.

'எஃப்எம் நன்றாக வருகிறதே' என்று யாராவது ஆன்டெனாவுக்கு நற்சான்றிதழ் கொடுத்தால் நம்பாதீர்கள். எஃப்எம்முக்கும் சாட்டிலைட்டுக்கும் தனித்தனி ஆன்டெனா, தனித்தனி வயர். திரையில் 'செக் ஆன்டெனா' என்று வரவில்லையே என்பதும் சாட்சி ஆகாது. வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் பெரும்பாலும் அது வரும். துரு ஏறிய ஆன்டெனா வாயைத் திறக்காது.

அடுத்து செலவில்லாத ஒரு சோதனை. டேஷ்கேம், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிய யூஎஸ்பி சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை அதே வழியில் போய் வாருங்கள். மட்டமான சார்ஜர்கள் கிளப்பும் மின் இரைச்சலும் இந்த வேலையைச் செய்யும். எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் அறுந்தால் அங்கே செல்போன் டவர் இருக்கிறதா பாருங்கள். சாட்டிலைட் ரேடியோவின் அலைவரிசைக்கு ஒட்டினாற்போல் இருபுறமும் செல்போன் சேவைகள் உண்டு. பக்கத்தில் போகும்போது ரேடியோ திணறலாம். அதற்கு காரில் செய்ய எதுவும் இல்லை.

சந்தா பிரச்சினை வேறு ரகம். அப்போது சில சேனல்கள் மட்டும் போகும், அல்லது சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி எழுத்து வரும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ரேடியோவை ஆன் செய்து, நிறுவனத்தின் தளத்தில் ரெஃப்ரெஷ் சிக்னல் கேட்டால் போதும். காரேஜுக்குள் நின்றுகொண்டு கேட்டு, வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

தீர்ப்பு சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. காந்த அடியுள்ள சாட்டிலைட் ரேடியோ ஆன்டெனா தனியாகவே விற்கிறது. பெரிய விலை இல்லை. உங்கள் ரேடியோவின் பிளக்குக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். கூரையின் நடுவில், விளிம்பிலிருந்து ஒரு சாணாவது தள்ளி ஒட்டவையுங்கள். கார் ஆடியோ கடையில் ரேடியோவை வெளியே இழுத்து, பழைய ஆன்டெனா வயருக்குப் பதிலாக இதைச் செருகச் சொல்லுங்கள். கையோடு, ரேடியோவின் ஆன்டெனா சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தும் பார்க்கச் சொல்லலாம். கூரை ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் அந்த வயர் வழியாகத்தான் போகிறது, பொதுவாக 3 முதல் 5 வோல்ட். அது வரவில்லை என்றால் மட்டும் டீலர் சொன்னது சரி.

புது ஆன்டெனாவோடு போகோனோஸ் வரை ஒழுங்காகப் பாடினால் துடுப்பை மட்டும் மாற்றுங்கள், கேஸ்கெட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் டெலவேர் வாட்டர் கேப்பில் மலையை ஒட்டி வளையும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று வந்தால் யாரையும் திட்ட வேண்டாம்; அங்கே மலையே மறைக்கிறது.