தோட்டமும் நானோவும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் அண்ணன் மகள் நிபோங் திபாலில் மூலப்பொருள் பொறியியல் முடிக்கப் போகிறாள். அவளுடைய பேராசிரியர் பல வருடங்களாக நானோ ஆராய்ச்சியிலேயே இருப்பவர். ரப்பரில் நானோ துகள்களைக் கலப்பது பற்றி அவரிடமே முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்கிறாள். அண்ணன் இல்லை, முடிவு என் தலையில். கண்ணுக்கே தெரியாத ஒன்றை வைத்துக் காலம் தள்ள முடியுமா? பினாங்கு ஃபேக்டரிகளில் நல்ல சம்பளம் என்கிறார்கள். நம் சித்தர்கள் பற்பம் என்ற மருந்துப் பொடியில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அப்புறம், தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்துப் பிழைத்த குடும்பத்துக்கு இதெல்லாம் ஒட்டுமா என்ற பயமும் இருக்கிறது.

எஸ்., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

சித்தர் பேச்சை விடுங்கள். துகள் பொடியாக இருப்பது வேறு, அதை அளந்து, வேண்டிய அளவில் திரும்பத் திரும்பச் செய்வது வேறு. சம்பளத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் எழுதிப் பிழைப்பவள்.

உங்கள் கடைசி வரிதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஒட்டுமா என்கிறீர்கள்!

என் அம்மாவும் மரம் வெட்டியவர்தான். நெற்றியில் விளக்கோடு இருட்டிலேயே கிளம்பிவிடுவார். வெயில் ஏறுவதற்கு முன்புதான் பால் நன்றாக ஓடும். பள்ளி விடுமுறையில் நானும் பால் கொட்டகைக்குப் போவேன். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலில் மெட்ரோலாக் என்ற அளவுகோலை மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். அந்த எண்ணை வைத்துத்தான் கூலி. அம்மா வாளியில் விரலை விட்டு எடுத்து, பால் வழிகிற வேகத்தைப் பார்த்தே ஏறக்குறைய அந்த எண்ணைச் சொல்லிவிடுவார். கிராணி குறைத்து எழுதினால் ஒன்றும் பேசமாட்டார். வாளியை எடுக்காமல் அங்கேயே நிற்பார், பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

அந்த வாளியில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? தண்ணீரில் மிதக்கும் ரப்பர் துகள்கள். சின்னவை நூறு நானோமீட்டர் அளவுகூட இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் மேலே புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு தோல், அதில் எதிர்மின்னேற்றம். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடக்கின்றன. ஆசிட் ஊற்றினால் அந்த ஏற்றம் போய்க் கட்டியாகிவிடும், அமோனியா விட்டால் உறையாது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் விட்டுப்போன பால் மறுநாள் கட்டிப்பாலாகிக் கிடப்பதும் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளையாட்டு. இதுதான் கூழ்ம வேதியியல் என்று எங்களுக்கு ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. வகுப்பில் பாடம் ஒரு பக்கம், ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரம் ஒரு பக்கம். உங்கள் வீட்டுத் துணிகளில் அந்தப் பால் வாடை இருந்திருக்குமே? அதில் வளர்ந்துவிட்டு ஒட்டுமா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

உங்கள் மோட்டார் சைக்கிள் டயரைப் பாருங்கள். அந்தக் கறுப்பு, கரித்தூள். அடிப்படைத் துகள் சில பத்து நானோமீட்டர்தான். ஒரே கிராமில் உள்ள துகள்களின் மேற்பரப்பைக் கூட்டினால் 80 சதுர மீட்டர் வரும் ரகங்கள் உண்டு. நான் பிறந்த தோட்டத்து லயத்து வீடு அதில் பாதி இருக்காது. அவ்வளவு பரப்பிலும் ரப்பர் பிடித்துக்கொள்வதால்தான் டயர் சீக்கிரம் தேய்வதில்லை. நானோ என்று யாரும் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே நம் பால் அந்தத் துகள்களோடு சேர்ந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அண்ணன் மகள் புதிதாக எங்கேயும் போகவில்லை தம்பி.

சரி, காலம் தள்ள முடியுமா என்று கேட்டீர்கள். எர்ன்ஸ்ட் ருஸ்கா முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கியது 1931ல். நோபல் பரிசு வந்தது 1986ல். அதே வருடம் அவரோடு பரிசைப் பகிர்ந்த பின்னிக்கும் ரோரரும் அணுக்களையே காட்டும் தங்கள் நுண்ணோக்கியைச் செய்தது 1981ல்தான். எது எப்போது பலிக்கும் என்று அந்தப் பேராசிரியராலேயே சொல்ல முடியாது.

ஆனால் அவர் சொல்லக்கூடியவை சில உண்டு. அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு, நுண்ணோக்கியில் முறை கிடைக்க எத்தனை நாள் ஆகும். அவளே போய்க் கேட்கட்டும், நீங்கள் கூடப் போய் நிற்காதீர்கள். என் மின்னஞ்சலை அவளிடம் கொடுங்கள். அடுத்த கடிதத்தை அவள் எழுதட்டும்.