கணப்பில் கரியடுப்பு: வாசகர் கேள்விகள்

கே: லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறோம். கூடத்தில் பழைய கணப்பு இருக்கிறது. அதன் புகைபோக்கியிலேயே நிலக்கரி எரிக்கும் கரியடுப்பைப் பொருத்தலாமா?

ப: பொருத்தலாம். ஆனால் அடுப்புக் கடைக்குப் போகும் முன் புகைபோக்கி துடைப்பவரை அழையுங்கள். அடைப்பு, கசிவு, பறவைக்கூடு எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். திறந்த கணப்புக்காகக் கட்டிய செங்கல் வழி, மூடிய அடுப்புக்குப் பெரும்பாலும் அகலம் அதிகம். புகை அதில் ஆறிப்போய் மேலேறத் திணறும். அதனால்தான் லைனர் எனப்படும் எஃகு உள்குழாயை இறக்குகிறார்கள்.

இந்த லைனரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விறகுக்கு 316 தர எஃகு போதும். கரி எரிப்பதென்றால் 904 தரம் வேண்டும். கரிப்புகையில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எஃகை அரித்துவிடும். விறகு, கரி இரண்டும் எரிக்கும் அடுப்பை விற்கிறவர்கள், வீட்டில் எதை எரிக்கப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு விற்றவர் 'எல்லாவற்றுக்கும் ஏற்றது' என்று சொல்லி 316 குழாயைத் தலையில் கட்டினார். மூன்று குளிர்காலம் கரி எரித்தேன். பிறகு குழாயை வெளியே இழுத்தபோது அடுப்புக்கு மேலே முழ நீளத்துக்குச் சல்லடையாக இருந்தது. விரல் பட்டதும் பொடிந்தது. அந்தச் சல்லடை வழியாக வந்த காற்றைத்தான் என் பிள்ளைகள் சுவாசித்திருக்கிறார்கள். இன்று நினைத்தாலும் பதறுகிறது. ரசீதில் 904 என்ற எண் எழுதியிருந்தால் மட்டுமே பணம் கொடுங்கள்.

கே: வீட்டுக்கரி மலிவாக எங்கே கிடைக்கும்?

ப: வீட்டுக்கரி என்பது புகை கக்கும் சாதாரண நிலக்கரி. இங்கிலாந்தில் அதன் மூட்டை விற்பனை 2021 மே மாதமும், உதிரி விற்பனை 2023 மே மாதமும் தடை செய்யப்பட்டுவிட்டன. ஆந்த்ரசைட் எனப்படும் புகை குறைந்த கெட்டி நிலக்கரியோ புகையில்லாக் கரியோ வாங்குங்கள்.

கே: 6 கிலோவாட் அடுப்பு வாங்கினேன். சுவரில் போட்ட காற்றுத் துளை வழியாகக் குளிர் வந்ததால் துணி வைத்து அடைத்துவிட்டேன். இப்போது தீ சரியாக எரியவில்லை. அடுப்பில் குறையா?

ப: அடுப்பில் குறை இல்லை. துணியை இன்றே எடுங்கள். 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்புக்கு நிரந்தரக் காற்று வழி கட்டாயம் என்று பொருத்தியவர் சொல்லியிருப்பாரே! கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறியும் அலாரம் இருக்கிறதா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அந்த அறையில் அது இல்லாமல் தீ மூட்டாதீர்கள்.

கே: கணவரை இழந்தவள் நான். பதிவு பெற்றவர் என்று சொல்லி வந்தவருக்கு கிரெடிட் கார்டில் 1,800 பவுண்ட் கொடுத்தேன். லைனரே போடாமல், அடுப்புக் குழாயைக் கணப்பின் வாயில் செருகிவிட்டுப் போய்விட்டார். அறையெங்கும் புகை. தொலைபேசியை எடுப்பதில்லை.

ப: அம்மா, தவறு உங்களுடையது அல்ல, நம்பிக்கையைக் காசாக்கியவருடையது. முதலில் அடுப்பை மூட்டாதீர்கள். அவர் பெயர், அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் (HETAS) அமைப்பின் பதிவில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே புகார் கொடுங்கள். பதிவு இல்லையென்றால் கவுன்சிலின் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவுக்குச் சொல்லுங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைத் திருத்தித் தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான விலைக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி உங்கள் கார்டு வங்கியும் பொறுப்பு. குழாய் செருகிய இடத்தைப் படமெடுத்து, வேறொரு பதிவு பெற்றவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, இரண்டையும் வங்கிக்கு அனுப்புங்கள்.