பல் மருத்துவம் படிக்க நினைக்கும் பெண்ணுக்கு எத்தனை புத்தகம் வேண்டும்?

தர்மபுரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவோடு எழுதிய நீட்டில் மதிப்பெண் போதவில்லை, மறுபடி எழுதப் போகிறாள். வீட்டில் இரண்டு கோச்சிங் சென்டர்களின் மாடியூல் (பயிற்சிப் புத்தகம்) செட், உறவுக்காரப் பையன் கொடுத்த பழைய கைடுகள், போனில் ஒரு ஆப் சந்தா எல்லாம் இருக்கின்றன. எதை எடுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் ஆசை பல் மருத்துவம். தாய்மாமனோ, "ஒரு வருஷத்தையே கொடுக்கிறோம், எம்.பி.பி.எஸ்.ஸுக்கே கொடுப்போம். நகையை வைத்தாவது நாமக்கல் கோச்சிங் சென்டரில் ஹாஸ்டலோடு சேர்த்துவிடு" என்கிறாராம்.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆறுதல் சொல்லி நிறுத்திக்கொண்டால் நகை அடகுக்குப் போய்விடும் என்பதால் நேராகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ்.ஸுக்கும் ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். ஆகவே "எம்.பி.பி.எஸ். பேட்ச்" என்று தனியாக விற்கப்படும் எதிலும் உங்கள் மகளுக்குத் தனியாகக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. மாறுவது இலக்கு மட்டும்தான். அந்த இலக்கையும் மதிப்பெண்ணில் வைக்காதீர்கள். 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்கள் பலர்; 2025-இல் இயற்பியல் கடினமாக அமைந்து, முதலிடமே 686-தான். மருத்துவத் தேர்வுக் குழு வெளியிடும் சென்ற ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணைப் பாருங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று அரசுக் கல்லூரிகள் மூன்றே என்பதால் "பல் டாக்டர் சீட்டு சும்மா கிடைக்கும்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அதே சமயம், அது எட்டாத உயரமும் இல்லை.

இனி புத்தகத்துக்கு வருவோம். பழைய கைடுகளை முதலில் ஒதுக்குங்கள். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறிவிட்டது. உயிரியலில் செரிமானம், கனிம ஊட்டம், வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள் எல்லாம் போய்விட்டன. மால்வேசி, குரூசிஃபெரே, காம்போசிட்டே போன்ற தாவரக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. கடையில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது இந்த இரண்டையும் பாருங்கள். செரிமானப் பாடம் இருந்து, மால்வேசி இல்லையென்றால், மேலட்டையில் எந்த ஆண்டு போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பழைய சரக்கு.

மாடியூல்களில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு மற்றதை யாருக்காவது கொடுத்துவிடலாம். வைத்துக்கொள்ளும் செட்டிலும் இயற்பியல் பகுதியில் கவனம் தேவை. பல சென்டர்கள் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. கணக்குகளையும் அதே கட்டில் சேர்த்துவிடுகின்றன. சுழற்சி இயக்கத்தில் ஒரே கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டும் பெண்ணுக்கு, நீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்பது மறந்தே போய்விடும்.

மத்திய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூலை வரிவரியாகப் படிக்கச் சொல்லி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன். அதே நிறுவனம் வெளியிடும் எக்ஸெம்ப்ளர் என்ற பயிற்சி வினாப் புத்தகத்தைத்தான் பெரும்பாலான வீடுகளில் காணோம். பதினொன்று, பன்னிரண்டு இரண்டுக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் என மொத்தம் ஆறு. நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பளபளப்பு இல்லை, டாப்பர் போட்டோ இல்லை, அதனால்தானோ என்னவோ யாரும் சீண்டுவதில்லை.

பயன்படுத்தும் முறை முக்கியம். உயிரியலில் ஒரு பாடத்தை முடித்த மறுநாள், பாடநூலை மூடிவைத்துவிட்டு எக்ஸெம்ப்ளரின் குறுவினாக்களை முதலில் எடுக்க வேண்டும். "நீட்டில் குறுவினா வராதே" என்று எல்லோரும் தாண்டிப்போகும் பகுதி அது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிப் பார்த்த பிறகுதான் நான்கு விடைக் கேள்விகளுக்குப் போக வேண்டும். எழுத முடியாத விடையை நான்கில் ஒன்றாகப் பார்த்தால் தெரிந்த மாதிரியே இருக்கும். தேர்வு அறையில் கவிழ்ப்பது அதுதான். இயற்பியலில் முதல் வகைக் கேள்விகளுக்கு ஒரே விடை. இரண்டாம் வகைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உண்டு. அந்த வகை நீட்டில் கிடையாது, என்றாலும் விடக்கூடாது. நான்கு வாக்கியங்களையும் தனித்தனியே சரியா தவறா என்று குறிக்கச் சொல்லுங்கள், கருத்து பிடிபடும். வேதியியலில் பொருத்துக, கூற்று-காரணம் ஆகிய இரண்டையும் ஒன்று விடாமல் செய்ய வேண்டும். அண்மை ஆண்டு நீட் தாள்களில் அந்த வடிவங்கள் தொடர்ந்து வருகின்றன. பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்களை முதல் நாளே பென்சிலால் அடித்துவிடட்டும்.

தவறிய கேள்விக்கு ஒரு நோட்டு வேண்டும். கேள்வி எண், அவள் எழுதிய விடை, ஏன் அப்படி எழுதினாள், பாடநூலில் அந்த வரி எந்தப் பக்கம் என்று நான்கு கட்டம் போதும். மனித இனப்பெருக்கத்திலிருந்து ஓர் உதாரணம். கைடுகளில் பிளசென்டா (நஞ்சுக்கொடி) ஹார்மோன்கள் என்று ஒரு கட்டம் போட்டு, ஹெச்.சி.ஜி., ஹெச்.பி.எல்., ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன், ரிலாக்ஸின் என்று ஐந்தையும் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பாடநூலோ, ரிலாக்ஸின் கர்ப்பத்தின் பிற்பகுதியில் அண்டகத்திலிருந்து சுரக்கிறது என்கிறது. கர்ப்ப காலத்தில் மட்டுமே உருவாகுபவை ஹெச்.சி.ஜி., ஹெச்.பி.எல்., ரிலாக்ஸின் மூன்று என்றும் தனியாகச் சொல்கிறது. கட்டத்தை மனப்பாடம் செய்தவளுக்கு "எங்கே சுரக்கிறது", "எப்போது மட்டும் சுரக்கிறது" இரண்டுமே தவறும். நான்கு மதிப்பெண் போவதோடு ஒன்று கழிவும் சேரும். நோட்டில் "கைடு கட்டத்தை நம்பினேன்" என்று எழுதிவிட்டால் அடுத்த முறை கை நிற்கும். உயிரியல் 90 கேள்வி, 360 மதிப்பெண். இந்த ரகத் தவறுகளைக் குறைத்தாலே தரவரிசை நகரும்.

அவள் தமிழ் வழியில் படித்தவளா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் புரிந்துகொள்ளத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள், குறிப்பாக இயற்பியல், நன்றாகவே உதவும். ஆனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பக்கத்தில் எழுதிப் பழக வேண்டும். நீட் தமிழ்த் தாள் இருமொழித் தாள், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018-இல் தமிழ் மொழிபெயர்ப்பில் 49 கேள்விகள் பிழையாக வந்து, உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன 196 மதிப்பெண்ணும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

பழைய வினாத்தாள் வேண்டும். 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 கேள்விகள், அவற்றில் 180 எழுதினால் போதும். வேண்டாததை விடும் வசதி 2025-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய தாளில் அந்த வசதியோடு வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். ஆப் சந்தா முடிந்ததும் புதுப்பிக்காதீர்கள். மாதிரித் தேர்வுக்கு மட்டும் ஏதாவது ஒரு தொடர் வாங்கலாம், அதுவும் பாடங்களில் முக்கால்வாசி முடிந்த பிறகு.

மாமனுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. முதலாண்டிலேயே மெழுகில் பல் செதுக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கைவேலையில் பொறுமை உள்ள பெண் விரும்பிக் கேட்பதை "எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் படிப்பது" என்று வீட்டிலேயே மட்டம் தட்டினால், வருடம் முழுக்க அவள் இரண்டு மனதோடு உட்கார்ந்திருப்பாள். ஹாஸ்டல் கட்டணத்துக்கு நகையை வைக்காதீர்கள். ஒருவேளை அரசு இடம் கிடைக்காமல் சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் வந்தால், ஆண்டுக் கட்டணத்தோடு கருவிகள், விடுதி, புத்தகம் என்று கூடவே செலவு வரும். அந்த நகை அப்போது கையில் இருக்க வேண்டும்.